அம்மா ஒரு நாளும் சிகரெட் தொட்டதில்லை, பிறகேன் இந்த நோய்?

கேட்டவர் இலங்கையில், திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் ஒரு தங்கச்சி, ஐந்து மாதக் கர்ப்பிணி. கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். அம்மா சம்பூரில் பிறந்தவர், வயது 62. பீடி, சுருட்டு, வெற்றிலை எதுவும் பழக்கமில்லை. ஆனாலும் நெஞ்சு கிளினிக்கில் சி.ஓ.பி.டி. என்று சொல்லிவிட்டார்கள். அதாவது நுரையீரலின் காற்றுக் குழாய்கள் நிரந்தரமாக ஒடுங்கிப்போகும் நோய். மாமா கந்தளாயில் வயல் செய்தவர். நீரிழிவும் இல்லை, பிரசரும் இல்லை, ஆனால் சிறுநீரகம் பழுதாகி டயலிசிஸில் இருக்கிறார். கணவர் வீட்டார் கடற்றொழில். "இது எங்கள் பரம்பரைக் குறையா? இல்லாவிட்டால் இந்த ஊர்த் தண்ணியும் காற்றுமா? என் பிள்ளைக்கும் வருமா?" என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. எல்லா நோயிலும் உண்டு. ஆனால் நீங்கள் எழுதியதை வாசித்ததும் எனக்கு அறிய வேண்டும் போலிருந்தது, உங்கள் அம்மா எந்தெந்த வீட்டில் இருந்தார், எதை எரித்துச் சமைத்தார், எங்கே தண்ணி குடித்தார் என்பதைத்தான். நான் சமுதாய மருத்துவம் படிப்பிக்கிறவன். மாணவர்களிடம் அடிக்கடி சொல்வது இதுதான்: நோயாளிக்கு இன்றைக்கு என்ன செய்கிறது என்று கேட்பதோடு நிறுத்தினால் பாதி வரலாறு போய்விடும். அறுபது வயதில் தெரிகிற நோய்க்கு அஸ்திவாரம் ஆறு வயதிலோ, அதற்கும் முன்னால் தாயின் வயிற்றிலோ விழுந்திருக்கலாம். எது உடம்புக்குள் போனது என்பது எவ்வளவு முக்கியமோ, எந்த வயதில் போனது என்பதும் அவ்வளவு முக்கியம்.

மனித மரபணுத் தொகுதியை வாசிக்கும் திட்டம் 2003இல் முடிந்தபோது, இனி யாருக்கு என்ன நோய் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை பெரிதாக இருந்தது. 2005இல் கிறிஸ்டோபர் வைல்ட் என்ற ஆய்வாளர் ஒரு பெரிய குறையைச் சுட்டிக்காட்டினார். மரபணுவை அவ்வளவு நுட்பமாக அளக்கும் நாம், ஒருவர் வாழ்நாள் முழுக்க எதிர்கொள்ளும் சூழலை அதில் ஒரு பங்கு நுட்பத்தோடுகூட அளப்பதில்லை என்றார். கரு உண்டான நாள் தொடக்கம் உடம்பைத் தொடுகிற எல்லாவற்றையும் சேர்த்து எக்ஸ்போசோம் என்று பெயர் வைத்தார். காற்று, தண்ணி, சாப்பாடு, மருந்து, தொழில், வெயில், சத்தம், கிருமி, பயம், வறுமை எல்லாம் அதற்குள் அடங்கும்.

மரபணு மட்டும் போதாது என்பதற்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் 44,788 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்து 2000இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அச்சு அசலாக ஒரே மரபணு உள்ள இரட்டையரிலும், ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால் மற்றவருக்கு அதே புற்றுநோய் வராமல் போவதே அதிகம். ஜப்பானிலிருந்து ஹவாய்க்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் ஓரிரு தலைமுறைக்குள் இரைப்பைப் புற்றுநோய் குறைந்தது, குடல் புற்றுநோயும் மார்புப் புற்றுநோயும் கூடின. ரத்தம் அதேதான், மாறியது வாழ்ந்த இடமும் சாப்பாடும். சி.ஓ.பி.டி.க்கும் பரம்பரையாக வரும் ஒரு வகை இருக்கிறது. ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் குறைவதால் வருவது. அது ஐரோப்பியர் நடுவே காணப்படுவது, நம் பக்கத்தில் மிக அரிது.

சரி, அம்மாவிடம் வருவோம். நீங்கள் எழுதியதை வைத்தே ஒரு தாளில் வரிசையாகக் குறித்துப் பார்த்தேன். சம்பூரில் ஓலை வீடு, குசினி தனியாக, தாழ்வாரம் இறக்கியது. சின்ன வயதிலேயே தாய்க்கு உதவியாக அடுப்படியில் இருந்திருக்கிறார். கலியாணத்துக்குப் பிறகும் விறகுதான். 1990இல் போரால் ஒரு இடப்பெயர்வு. 2006இல் மறுபடி, இந்த முறை மட்டக்களப்புப் பக்கம் போய், பிறகு கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டில். 2015இல்தான் காணி திரும்பக் கிடைத்தது. அதுவரை ஒரே கொட்டிலுக்குள்ளேயே படுக்கையும் சமையலும். மண்ணெண்ணெய் கிடைத்த காலங்களில் குப்பி விளக்கு, அதன் கரி.

அந்தக் குசினியை நினைத்துப் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று மழை பிடித்தால் விறகு ஈரம். தென்னம்பாளையும் பனை மட்டையும் வைத்து மூட்டி, ஊதுகுழலால் ஊத வேண்டும். ஊதுகிறவரின் முகம் அடுப்பு வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கும். சாரல் அடிப்பதால் படலையும் சாத்திவிடுவார்கள். பத்து வருடம் பாவித்த குசினியில் வளையைத் தடவினால் விரலில் ஒட்டுகிற பிசுபிசுப்பான கரி இருக்கிறதல்லவா, அதே பொருள் நெஞ்சுக்குள்ளும் போயிருக்கிறது. நுண்துகள்களுக்கு, அதாவது பி.எம்.2.5 என்று சொல்லப்படுபவற்றுக்கு, உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த எல்லை வருடச் சராசரியாகக் கன மீற்றருக்கு 5 மைக்ரோகிராம். புகைக்கூடு இல்லாத விறகுக் குசினியில் அடுப்பு எரியும் நேரத்தில் அது நூற்றுக்கணக்கில் ஏறும், சில வேளை ஆயிரத்தையும் தாண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணித்தியாலம், நாற்பது ஐம்பது வருடம். உங்கள் அம்மா புகைத்ததில்லை என்பது உண்மை. ஆனால் புகை அவரை விட்டு வைக்கவில்லை. வீட்டுக்குள் எரிக்கும் விறகு, கரி, சாணம் போன்றவற்றின் புகையால் 2020இல் உலகத்தில் 32 இலட்சம் பேர் அகால மரணமடைந்ததாக அதே நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பெண்களும் சின்னப் பிள்ளைகளுமே அந்தப் புகைக்கு அதிகம் முகம் கொடுக்கிறவர்கள்.

இதில் வயதுக் கணக்கு எங்கே வருகிறது? நம் நுரையீரல் இருபது, இருபத்தைந்து வயது வரை வளர்ந்து ஒரு உச்சத்துக்குப் போகும். அதற்குப் பிறகு எல்லோருக்கும் மெதுவாகத் தேயும். முன்பெல்லாம், வேகமாகத் தேய்கிறவர்களுக்குத்தான் சி.ஓ.பி.டி. வரும் என்று நினைத்திருந்தார்கள். 2015இல் வந்த ஒரு ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நுரையீரல் சாதாரண வேகத்திலேயே தேய்ந்திருக்கிறது. அவர்களுடைய உச்சமே ஆரம்பத்தில் குறைவாக இருந்திருக்கிறது. சின்ன வயதில் புகை, திரும்பத் திரும்ப வந்த நெஞ்சுச் சளி, எடை குறைந்த பிறப்பு, போதாத சாப்பாடு எல்லாம் அந்த உச்சத்தைக் குறைக்கும். நாற்பது வயது வரை ஒன்றும் தெரியாது. அறுபதில் மாடிப்படி ஏற முடியாமல் போகும்.

இந்த நீண்ட தாமதம் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்ட, எனக்குத் தெரிந்ததில் மிகத் தெளிவான உதாரணம் சிலி நாட்டின் அன்டோஃபகஸ்டா என்ற நகரம். அது உலகத்தின் மிக வறண்ட பாலைவனத்தை ஒட்டிய ஊர். 1958இல் நகரத்துக்குப் புதிதாக ஆற்றுத் தண்ணி கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணியில் ஆர்செனிக் என்ற நச்சுப் பொருள் லீற்றருக்கு 800 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. இன்றைய பாதுகாப்பு எல்லை 10. 1970ஐ ஒட்டிச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியதும் அளவு சட்டென்று இறங்கிவிட்டது. ஆகவே கெட்ட தண்ணி குடித்த காலம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று திகதியோடு தெரியும். இப்படி ஒரு தெளிவு ஆய்வாளர்களுக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். அந்த வருடங்களில் வயிற்றிலும் கைக்குழந்தையாகவும் இருந்தவர்களை முப்பது நாற்பது வயதாகும்போது பார்த்தால், நுரையீரல் புற்றுநோயாலும், காற்றுக் குழாய்கள் விரிந்து சீழ் கட்டும் நோயாலும் நடந்த மரணங்கள் மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு. தண்ணி சுத்தமாகிப் பல பத்து வருடங்கள் ஆன பிறகு நடந்த மரணங்கள் இவை. குடித்தது வயிற்றுக்குள் போன தண்ணி, பழுதானது நுரையீரல். இதை வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு பிள்ளையின் தண்ணியை நாம் ஏன் இத்தனை கவனமாகப் பார்க்கச் சொல்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

வயிற்றுக்குள் இருக்கும் காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நீங்கள் கர்ப்பிணி என்பதால். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்ட்ஷயரில் 1911 தொடக்கம் மருத்துவிச்சிகள் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பு எடையையும், ஒரு வயது எடையையும் பேரேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். பல பத்து வருடத்துக்குப் பிறகு டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் அந்தப் பேரேடுகளைத் தேடி எடுத்து, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து எந்த நோயால் இறந்தார்கள் என்று ஒப்பிட்டார். எடை குறைவாகப் பிறந்தவர்கள் மாரடைப்பால் இறப்பது கூடுதலாக இருந்தது. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவை மறித்ததால் வந்த பட்டினியிலும் இதே மாதிரி. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் பட்டினியில் அகப்பட்ட பிள்ளைகளிடம் ஐம்பது அறுபது வயதில் இதய நோய் கூடுதலாகத் தெரிந்தது. 2008இல் அவர்கள் ரத்தத்தை ஆராய்ந்தபோது, வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவின் மேலுள்ள இரசாயன அடையாளங்கள், அதே குடும்பத்தில் பட்டினிக்கு வெளியே பிறந்த சகோதரர்களிடம் இருப்பதைவிடக் குறைந்திருந்தன. மரபணு மாறவில்லை, அது எந்தளவு வேலை செய்ய வேண்டும் என்ற கட்டளை மாறியிருக்கிறது.

எங்களுக்கு இன்னும் நெருக்கமானது புனே நகரத்தில் சித்தரஞ்சன் யாஜ்னிக் செய்த வேலை. புனேப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த பிள்ளைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் 3.5 கிலோ. ஆனால் இந்தச் சின்னப் பிள்ளைகளில் குறைந்திருந்தது தசையும் உறுப்புகளும்தான். கொழுப்பு அந்தளவு குறையவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு. இப்படிப் பிறந்த பிள்ளைக்குப் பிறகு சீனியும் மாவும் தாராளமாகக் கிடைத்தால் நீரிழிவுக்கு வழி திறந்துவிடும். உங்கள் கடிதத்தில் நீங்கள் எடை குறைவாகப் பிறந்ததாக ஒரு வரி போட்டிருந்தீர்கள். போர்க்காலத்தில் உங்கள் அம்மாவுக்கு என்ன சாப்பாடு கிடைத்திருக்கும் என்று நினைக்கும்போது அதில் ஆச்சரியம் இல்லை. அதனால் மருத்துவிச்சியிடம் அதைச் சொல்லுங்கள். கர்ப்ப காலச் சீனிப் பரிசோதனையை ஒரு போதும் தவற விடவேண்டாம். கிளினிக்கில் தரும் திரிபோஷா என்ற சத்துமாவையும் இரும்பு, கல்சியம் மாத்திரைகளையும் வீட்டில் அடுக்கி வைக்காமல் நீங்களே சாப்பிடுங்கள். பல வீடுகளில் திரிபோஷா வீட்டிலுள்ள எல்லோருக்கும் பங்கு போகிறது. அது தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் உரியது.

மாமாவின் சிறுநீரகம் வேறு கதை. 1990களில் வட மத்திய மாகாணத்தின் மதவாச்சி, பதவியா பக்கங்களில், நீரிழிவோ பிரசரோ இல்லாத விவசாயிகளின் சிறுநீரகம் அமைதியாகப் பழுதாவதை வைத்தியர்கள் கவனித்தார்கள். திருகோணமலை மாவட்டத்திலும், குறிப்பாகப் பதவிசிறிபுரவில், அது இருக்கிறது. காரணம் எது என்று இன்று வரை ஒற்றை விரலை நீட்டிச் சொல்ல முடியவில்லை. கிணற்றுத் தண்ணியின் கடினத்தன்மையும் புளோரைட்டும், பூச்சி மருந்து, களைகொல்லி, கட்மியம் என்ற உலோகம், வெயிலில் உடம்பு காய்ந்துபோவது என்று ஒவ்வொன்றுக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. 2015இல் கிளைபோசேட் களைகொல்லியை நாடு முழுக்கத் தடை செய்தார்கள், பிறகு படிப்படியாகத் தளர்த்தினார்கள். ஒற்றைக் குற்றவாளியைத் தேடுவதே இந்த நோயில் எங்களைச் சுற்ற வைத்திருக்கிறது என்பது என் கருத்து. மத்திய அமெரிக்காவில் எல் சல்வடோர், நிகரகுவா நாடுகளின் கரும்புத் தோட்டத் தொழிலாளருக்கும் இதே மாதிரி நோய் வருகிறது. அங்கே வெயிலும் தண்ணீர் வற்றுவதும்தான் முன்னணிச் சந்தேகம். வெயிலில் குனிந்து வேலை, குடிக்கிற தண்ணியோ கடினம், இரவில் உடம்பு நோவுக்கு ஒரு மாத்திரை. மூன்றும் ஒரே ஆளின் ஒரே நாளில் சேர்ந்து நடப்பவை. காய்ந்த உடம்பில் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபன் மாதிரியான மாத்திரைகள் சிறுநீரகத்துக்கான ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். மாமாவின் பிள்ளைகளோ தம்பிமாரோ இன்னும் வயலில் இருந்தால் அவர்களை வருடத்துக்கு ஒரு முறை சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் இரண்டை, ரத்தத்தில் கிரியாட்டினினையும் சிறுநீரில் அல்புமினையும், பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோய் முற்றும் வரை நோவோ வீக்கமோ காட்டாது.

ஒன்றோடொன்று சேரும்போது என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கத் தொழிலாளர்களில் செய்து 1979இல் வெளியான ஒரு கணக்கை நான் எப்போதும் சொல்வேன். தூசியும் புகைத்தலும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், அஸ்பெஸ்டஸ் தூசியில் வேலை செய்து, புகைக்காதவருக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்கு. தூசியில்லாத, ஆனால் புகைக்கிறவருக்கு 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தவருக்கு 16 மடங்கு என்று கூட்டிப் பார்க்கத் தோன்றும். கிடைத்த விடை 53. எங்கள் ஊரில் சுனாமிக்குப் பிறகும், மீள்குடியேற்றத்திலும் எத்தனை கூரைகளுக்கு அஸ்பெஸ்டஸ் சீற் போட்டிருக்கிறோம் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். கூரை கூரையாக, உடையாமல் இருக்கும் வரை பெரிய ஆபத்து இல்லை. அதை வாளால் அறுப்பது, துளைப்பது, பாசி போகச் சுரண்டுவது, உடைந்த துண்டைக் குத்தி வளவு நிரப்புவது, இவைதான் நார்த்தூசியைக் கிளப்பும். அந்தத் தூசியால் வரும் நுரையீரல் உறைப் புற்றுநோய் வெளியே தெரிய 20 முதல் 50 வருடம் எடுக்கும். கூரை மாற்றும் நாளில் நனைத்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள், அன்றைக்கு நீங்களும் பிள்ளைகளும் அந்த வளவில் நிற்க வேண்டாம்.

கணவர் வீட்டார் கடற்றொழில் என்றீர்கள். அதைப் படித்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி: வலைக்கு ஈயம் வீட்டில் உருக்கி வார்க்கிறார்களா? பழைய தாச்சியில் ஈயத்தை உருக்கி, மண் அச்சில் ஊற்றி, ஆறியதும் பிசிறு சீவுவார்கள். குசினிப் பின்பக்கத்தில், பிள்ளைகள் சுற்றி நிற்க நடக்கிற வேலை. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. ரத்தத்தில் ஒரு மாதமளவில் பாதியாகக் குறைந்துவிடும், ஆனால் எலும்பில் போய் உட்கார்ந்தால் பத்து இருபது வருடத்துக்கு மேல் கிடக்கும். ஒரு பெண் கர்ப்பமாகும்போது பிள்ளையின் எலும்புக்காக உடம்பு தாயின் எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கும். அப்போது அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது விழுங்கிய ஈயமும் கூடவே வெளியே வந்து பிள்ளைக்குப் போகும். பாட்டி வீட்டுத் தூசி பேரப்பிள்ளையின் மூளைக்குப் போகும் வழி இதுதான். கல்சியமும் இரும்பும் போதியளவு இருந்தால் உடம்பு ஈயத்தை உறிஞ்சுவது குறையும். அந்த மாத்திரைகளைப் பற்றி மேலே நான் அழுத்திச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஈயம் வார்க்கும் வேலையை வீட்டை விட்டுத் தூரமாக, காற்றோட்டத்தில், பிள்ளைகள் இல்லாத இடத்தில் செய்யச் சொல்லுங்கள். செய்தவர் உடுப்பை மாற்றிக் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும்.

பல்லிலும் இந்த வரலாறு எழுதப்படும். 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற அமெரிக்க மருத்துவர் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து, அதில் ஈயம் கூடிய பிள்ளைகளுக்கு அறிவுத்திறனும் கவனமும் குறைந்திருப்பதைக் காட்டினார். இப்போது மரத்தின் ஆண்டு வளையத்தைப் போல ஒரு பாற்பல்லை லேசரால் அடுக்கடுக்காக வாசித்து, எந்த மாதத்தில் எந்த உலோகம் உள்ளே போனது என்று சொல்கிறார்கள், பிறப்பதற்கு முந்திய மாதங்களையும் சேர்த்து. கருவி இல்லாமலே நாம் வாசிக்கக்கூடிய பல்லும் உண்டு. வறண்ட வலயக் கிராமங்களில் சில பிள்ளைகளின் முன்பற்களில் வெள்ளைத் திட்டுகள், பிறகு மண்ணிறக் கோடுகள். அது பல் விளக்காததால் வந்த அழுக்கு என்று பிள்ளையை ஏசுவார்கள். உண்மையில் அது எட்டு வயதுக்கு முன், பல்லின் எனாமல் உருவாகும் காலத்தில் குடித்த கிணற்றுத் தண்ணியின் புளோரைட் விட்ட அடையாளம். எட்டுக்குப் பிறகு அதே தண்ணியைக் குடித்தாலும் அந்தக் கறை புதிதாக வராது. பிள்ளையின் பல்லில் பிழை ஒன்றும் இல்லை, பார்க்க வேண்டியது கிணற்றை.

தண்ணியைப் பற்றி ஒரு வழக்கமான தவறு: கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை. கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும், அதை விட வேண்டாம். புளோரைட்டும் கடினத்தன்மையும் ஆர்செனிக்கும் வேறு. தண்ணி ஆவியாகப் போகப் போக புளோரைட்டும் ஆர்செனிக்கும் செறிவு கூடும். உப்புவெளியில் உங்களுக்குக் குழாய்த் தண்ணி வருகிறது என்றால் குடிக்க அதையே பாவியுங்கள். கிணறு என்றால் ஒரு தரம் பரிசோதித்துப் பாருங்கள், நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் செய்வார்கள். எப்படிப் போத்தலில் எடுத்துக் கொடுப்பது என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். இலங்கைத் தரப்படி புளோரைட் லீற்றருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

பிள்ளை பிறந்த பிறகு வீட்டுக்குள் என்ன செய்யலாம் என்று கேட்டால், என் வரிசையில் முதலில் வருவது நுளம்புச் சுருள். மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். டெங்கு உள்ள ஊரில் நுளம்பை விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கிண்ணியாவில் 2017இல் டெங்கால் பட்டதை யாரும் மறக்கவில்லை. பகலிலும் பிள்ளையை வலைக்குள் கிடத்துங்கள், யன்னலுக்கு வலை அடியுங்கள், வளவில் தண்ணி தேங்கும் சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டை வெறுமையாக்குங்கள். அடுத்தது, குளிப்பாட்டிய பிள்ளையைச் சாம்பிராணிப் புகையில் பிடிப்பது. அம்மம்மாமார் அன்போடு செய்வது, அதனாலேயே தடுக்கக் கஷ்டம். ஒரு மாதப் பிள்ளையின் நுரையீரலுக்கு அது எந்த நன்மையும் செய்யாது. துவாயால் தலையைத் துவட்டி, காற்று நேரே அடிக்காத அறையில் சற்று வைத்திருந்தால் போதும். மூன்றாவது, பின்னேரம் வளவில் குப்பை எரிப்பது. சொப்பிங் பையும் யோகட் கோப்பையும் எரியும் புகை விறகுப் புகையைவிடக் கெட்டது, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து.

அடுப்பு விஷயத்தில் பொய் நம்பிக்கை தர விருப்பமில்லை. காஸ் விலையில் எல்லோராலும் முழுதாக மாற முடியாது. குவாத்தமாலாவில் திறந்த அடுப்புக்குப் பதிலாகப் புகைக்கூடு வைத்த அடுப்பைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் கடுமையான நிமோனியா குறைந்தது. ஆனால் மொத்த நிமோனியா எதிர்பார்த்த அளவு குறையவில்லை, ஏனென்றால் அவர்கள் சுவாசித்த புகை பாதியளவுதான் குறைந்திருந்தது. இதிலிருந்து நான் எடுப்பது: முடிந்தால் காஸ் அல்லது மின்னடுப்பு. முடியாவிட்டால் புகைக்கூடு, காய்ந்த விறகு, திறந்த யன்னல். எது எப்படியிருந்தாலும் அடுப்பு எரியும்போது பிள்ளை குசினியில் இருக்கக் கூடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஊரின் காற்றையும் தண்ணியையும் ஒரு தாய் தனியாகத் திருத்த முடியாது. கிளிவெட்டி முகாமில் தகரத்துக்குள் சமைக்க உங்கள் அம்மா விரும்பிப் போகவில்லை. நோய் வந்த பிறகு "பழக்கவழக்கம் சரியில்லை" என்று நோயாளியிடமே பழியைப் போடுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றபோது ஒவ்வொரு பிள்ளையும் கூடுதல் சுத்தமான காற்றைச் சுவாசித்தது, யாரும் தனிப்பட்ட முறையில் எதையும் மாற்றவில்லை. சம்பூரில் வரவிருந்த நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டதும் அப்படித்தான். அதை எதிர்த்து நின்ற மக்களில் பலர் காணியை இழந்து முகாமில் கிடந்தவர்கள். அந்தச் சாம்பலும் புகையும் வந்திருந்தால் அதை முதலில் சுவாசித்திருக்கப்போவது அவர்களின் பேரப்பிள்ளைகள்தான்.

"பிள்ளைக்கும் வருமா" என்பதற்கு என் பதில்: அம்மாவின் நுரையீரல் நோயும் மாமாவின் சிறுநீரக நோயும் அப்படியே கைமாறி வருகிறவை அல்ல. ஒரு தனி மனிதரைக் காட்டி இவருக்கு இந்த நோய் இதனால்தான் வந்தது என்று அறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆயிரம் பேரைப் பார்க்கும்போதுதான் காரணம் தெளிவாகத் தெரியும். உங்கள் பிள்ளை உங்கள் அம்மாவின் குசினியில் வளரப்போவதில்லை, மாமாவின் வயலில் வேலை செய்யப்போவதுமில்லை. வேறு ஆபத்துகள் இருக்கும், முன்கூட்டியே அறிந்தால் பலதைத் தவிர்க்கலாம்.

அம்மாவுக்குச் செய்ய வேண்டியது இன்னும் இருக்கிறது. ஒடுங்கிய குழாய் பழையபடி விரியாது, ஆனால் தேயும் வேகத்தைக் குறைக்கலாம். அறுபதுக்குப் பிறகு என்ன பயன் என்று நினைக்கவேண்டாம். பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், 60 வயதில் புகையை விட்டவர்களுக்கே சராசரியாக மூன்று வருட ஆயுள் மிச்சமாகியிருக்கிறது. அது சிகரெட் கணக்கு, ஆனாலும் அம்மாவை இன்றைக்கே அடுப்படியிலிருந்து எழுப்ப அது போதுமான காரணம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, நான் மேலே செய்ததுபோல அவர் இருந்த வீடு, அடுப்பு, முகாம், வருடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள். "புகைப்பதில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் பக்கத்தில் "விறகுப் புகை, நாற்பது வருடத்துக்கு மேல்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெற்றிப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். காசநோய் இல்லை என்று சளியைப் பரிசோதித்தார்களா என்பதையும் கேளுங்கள். இன்ஹேலர் பாவிக்கும் முறையை அவர் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். பலர் அதைப் பிழையாகத்தான் இழுக்கிறார்கள், மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது.